கல்குடா கற்பித்த பாடம்

(கதிரவெளியில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



வெருகல் ஆற்றுக்குத் தெற்கே, மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியில் நின்று, கல்குடாத் தொகுதியின் கதையைப் பேச முற்படுகின்றோம். கல்குடா என்னும் பெயர் வாக்கெண்ணும் பட்டியலில் இன்றும் உண்டு. ஆயினும் தனக்கென ஓர் உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பும் தொகுதியாக அது 1947 முதல் 1989 வரையே வாழ்ந்தது. அந்தக் கதையைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சலுகைக்குச் சோரம்போன தொகுதி என்று கல்குடாவை ஏசுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அந்த ஏச்சு நியாயமானதுதானா?

முதல் உறுப்பினர் யார்?

1947 இல் கல்குடா தேர்ந்தெடுத்தது திரு. வி. நல்லையா அவர்களை. 1944 இல் அரசாங்க சபையில் சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் பிரேரணையைத் திரு. ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்தபோது, தமிழையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமெனத் திருத்தம் பிரேரித்து, அதனைச் சபை ஏற்கச் செய்தவர் அவரே. அத்தகைய ஒருவரை 1947 இலும் 1952 இலும் அனுப்பிய தொகுதிக்கு மொழிப்பற்று இல்லை என்று எவர் சொல்லத் துணிவார்?

தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டு 1956. அவ்வாண்டுத் தேர்தலில் பக்கத்து மட்டக்களப்புத் தொகுதி தமிழரசுக் கட்சியின் திரு. செ. இராசதுரையை அனுப்பியது. கல்குடாவோ திரு. ஏ. எச். மாக்கான் மாக்காரை அனுப்பியது. வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் தொகுதி இது. இரு சமூகத்தையும் மனத்திற் கொள்ளாத எவரும் இங்கே நிலைத்து நிற்க முடியாது என்பதை அத்தேர்தல் உணர்த்தியது. 1960 இல் தொகுதி தமிழரசுக் கட்சியின் கைக்கு வந்தது.

காற்றுக்கு எதிராக

1965 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் திரு. கே. டபிள்யூ. தேவநாயகம் வென்றார். 1970 இல் அக்கட்சி நாடு முழுவதிலும் 17 ஆசனங்களோடு ஒடுங்கிய வேளையிலும் கல்குடா அவரைக் கைவிடவில்லை. சலுகை ஒன்றே நோக்கமாயின், தோற்கும் கட்சியின் பக்கம் எவராவது நிற்பரோ? 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்றபோதும் கல்குடா தேவநாயகத்தையே அனுப்பியது. அவர் நீதி அமைச்சரானார்.

குளத்துக்கு நீரும், வயலுக்குப் பாதையும், படித்த பிள்ளைக்கு வேலையும் கேட்பது பாவமன்று. உரிமையும் வேண்டும், வாழ்வும் வேண்டும் என்பதே இத்தொகுதி மக்களின் எண்ணம். ஆனால் நண்பர்களே, அமைச்சர் ஒருவர் இருந்ததனால் நிலம் காக்கப்பட்டதா? 1983 இல் மதுறு ஓயாப் பகுதியில் அத்துமீறிய குடியேற்றம் தொடங்கியபோது, அமைச்சராயிருந்த தேவநாயகமே அதனை எதிர்த்துக் குரலெழுப்ப வேண்டி வந்தது. அரசுக்குள் இருந்தவருக்கே அந்நிலை! வெளியே நின்ற கூட்டணி உறுப்பினர்களோ அதே 1983 இல் ஆறாவது திருத்தத்தின்படி சத்தியம் செய்ய மறுத்துத் தம் ஆசனங்களை இழந்தனர். ஆளுங்கட்சிக்கு வாக்களித்த கல்குடாவுக்கும் காப்பில்லை. எதிர்த்து வாக்களித்த அயல் தொகுதிகளுக்கும் காப்பில்லை. இது நம் வரலாற்றின் கசப்பான பாடம்.

பறிக்கப்பட்ட வாக்கு

1982 டிசம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பினால் பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டது. 1977 இல் இட்ட வாக்குக்குப் பின், உறுப்பினரை மாற்ற மக்களுக்குக் கிடைத்த அடுத்த வாய்ப்பு 1989 பெப்ரவரியில்தான். அதற்குள் தொகுதி முறையே மறைந்துவிட்டது. மாவட்டம் முழுவதும் ஒரே களமாயிற்று.

அதன்பின் வந்த ஓர் ஆண்டை நாம் மறக்கலாகாது. 2005 சனாதிபதித் தேர்தலின்போது வாகரைப் பிரதேசம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வாக்களிக்க விரும்பியவர் எல்லை கடந்து செல்ல வேண்டியிருந்தது. தேர்தலைப் புறக்கணிக்குமாறு நெருக்குதலும் இருந்தது. அத்தேர்தலின் முடிவை நிர்ணயித்தது ஏறக்குறைய 1,80,000 வாக்கு வித்தியாசமே. ஓராண்டு கழித்து, 2006 நவம்பர் 8 ஆம் நாள், இதே கதிரவெளியில் அகதிகள் தங்கியிருந்த பாடசாலைமீது படையினரின் எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வாக்களித்திருந்தால் அது நேர்ந்திராது என்று நாம் கூறமாட்டோம். அப்படிக் கூறுவது மாண்டோரை அவமதிப்பதாகும். ஆனால் நம்மை ஆள்பவர் யார் என்ற முடிவில் நம் சொல்லுக்கு இடமில்லாது போயிற்று என்பதை மறைக்கவும் மாட்டோம். வாக்கைத் தடுப்பவர் எவராயினும், எந்தக் கொடியின்கீழ் நிற்பவராயினும், அவர் நம் குரல்வளையைப் பிடிப்பவரே.

இனிச் செய்யவேண்டியது

2024 நவம்பரில் நாடெங்கும் ஒரே காற்று வீசியது. 22 தேர்தல் மாவட்டங்களுள் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. தமிழரசுக் கட்சிக்கு 3 ஆசனங்களும், தேசிய மக்கள் சக்திக்கும் முஸ்லிம் காங்கிரசுக்கும் ஒவ்வொன்றும் கிடைத்தன. தனித்து நிற்கும் துணிவு கல்குடாவுக்கு மட்டும் உரியதன்று. அது இம்மண்ணின் குணம்.

எனினும் ஐவருள் எவரிடம் கதிரவெளி தன் குறையைச் சொல்வது? தொகுதிக்கு ஓர் உறுப்பினர் இருந்த காலத்தில், பொறுப்பாளி இவர்தான் என்று விரல் நீட்டிக் காட்ட முடிந்தது. இன்று வாக்குத் தொகை மிகுந்த ஊர்களை நோக்கியே விருப்பு வாக்கு வேட்டை நடக்கிறது. கோடியிலுள்ள ஊர்கள் பின்தள்ளப்படுகின்றன. 2017 இல் ஆயுள் முடிந்த கிழக்கு மாகாண சபையும் தேர்தலின்றிப் பல ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்தது.

ஆகவே நாம் செய்யவேண்டியவை மூன்று. வாக்காளர் இடாப்பில் நம் வீட்டார் அனைவரின் பெயரும் உண்டா என ஆண்டுதோறும் பார்ப்போம். மூன்று விருப்பு வாக்குகளையும் ஊர் கூடி ஆராய்ந்து இடுவோம். வென்றவர் எக்கட்சியினராயினும், அவரை இவ்வூருக்கு அழைத்து, நிலத்துக்கும் நீருக்கும் என்ன செய்தீர் என்று நேரிற் கேட்போம். கேட்பதற்கு அஞ்சினால் வாக்கு வெறுங் கடதாசியே. அஞ்சாது கேட்போம்!