ஒன்றரை மீட்டருக்கு மேல வேண்டாம்

போன மாசம் வீடு மாறினோம். அடுப்பு ஒரு மூலையில, சிலிண்டர் பால்கனியில. ரெண்டு டியூபை ஜாயின்ட் போட்டு, சுவர் ஓட்டை வழியா இழுத்துடலாம்னு நினைச்சேன். லேன் கேபிள் இழுத்த பழக்கம்!

சிலிண்டர் போட வந்த அண்ணன் விடல. "ஒன்றரை மீட்டருக்கு மேல கூடாது தம்பி. ஜாயின்ட்டும் கூடாது. சுவத்துக்குள்ள வெடிப்பு விட்டா உங்களுக்குத் தெரியுமா?"

சரிதான். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிஞ்சா தரையோட தேங்கும், அம்மா குனிஞ்சு பாத்திரம் எடுக்கிற இடத்துல. ரெகுலேட்டரைத் தாண்டி வர்ற அழுத்தமும் சுமார் 30 மில்லிபார்தான். டியூப் நீள நீள அதுவும் குறையும். தூரம் போகணும்னா செம்புக் குழாய்தான், அதுவும் ஏஜென்சி மெக்கானிக் கையால.

பழைய டியூபைத் திருப்பிப் பார்த்தேன். அதோட ஆயுள் 5 வருஷம். அச்சடிச்சிருந்த வருஷம் 2016! அன்னைக்கே மாத்தியாச்சு. மேடைக்குக் கீழ அலமாரிக் கதவைக் கழட்டிட்டு, சிலிண்டரை அங்க வச்சோம். அரிசி டின்தான் இப்போ பால்கனியில.