பாலே வகுப்பில் முதல் நாள்

பாலே நடனம் என்றதும் கால்விரல் நுனியில் நின்று சுழலும் நங்கையின் உருவமே நம் கண்முன் தோன்றும். அக்கனவோடு முதல் வகுப்பிற்குச் செல்லும் 7, 8 வயதுக் குழந்தைக்குச் சற்று ஏமாற்றமே காத்திருக்கிறது. நுனிக்காலில் நிற்பதற்கான காலணியை அன்று எவரும் தரமாட்டார். மெல்லிய தோலாலோ துணியாலோ ஆன தட்டைக் காலணிதான் கிடைக்கும். பாத எலும்புகள் முற்றாத பருவத்தில் உடற்பாரம் முழுவதையும் விரல் நுனிகள் தாங்கலாகாது. சில ஆண்டுப் பயிற்சிக்குப் பின், பெரும்பாலும் 11, 12 வயதளவிலேயே அது கைகூடும்.

சுவரோரம் நீண்டதொரு மரக்கம்பு, எதிரே நிலைக்கண்ணாடி, பல இடங்களில் பியானோவும் உண்டு. கம்பைப் பற்றியவாறு முழங்கால்களை மெல்ல மடக்கி நிமிர்வதே முதற்பாடம். இதனை 'ப்ளியே' என்பர். மடிக்கப்பட்டது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். லண்டனாயினும் மாஸ்கோவாயினும் பயிற்சியின் கலைச்சொற்கள் பிரெஞ்சே. பதினான்காம் லூயி மன்னர் 1661-இல் பாரிசில் நடனக் கழகம் நிறுவினார் அல்லவா? அக்காலத்தின் முத்திரை அது. மேடையில் புகழ்பெற்றோரும் நாள்தோறும் இதே மடிப்பில்தான் பயிற்சியைத் தொடங்குகின்றனர்.

அடுத்து, பாதங்களின் 5 நிலைகள். பாதம் வெளிப்புறம் திரும்ப வேண்டும். அத்திருப்பமோ இடுப்பு மூட்டில் பிறக்க வேண்டும். அவசரப்பட்டு முழங்காலை முறுக்கிப் பாதத்தை மட்டும் திருப்பினால் மூட்டுக்குக் கேடு. நல்லாசிரியர் உடனே தடுப்பார். தடுக்காதவரிடம் குழந்தையை விடாதிருப்பதே நன்று என்பேன்.

வகுப்பின் முடிவில் குழந்தைகள் ஆசிரியருக்கும், பியானோ வாசித்தவர் இருப்பின் அவருக்கும், தலை தாழ்த்தி வணக்கம் செலுத்துவர்.