வீட்டுக்குள்ளே ஒரு கல்லூரி

எதிரணி நண்பர் சொல்லிட்டுப் போறார், "ஆன்லைன் படிப்புன்னா பாயில படுத்துக்கிட்டே பட்டம் வாங்கிடலாம்"னு. அப்படியா?

சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிமுகப்படுத்திய தரவு அறிவியல் பட்டப்படிப்பைப் பாருங்கள். ஜே.இ.இ. தேறாதவரும் சேரலாம். ஆனால் நாலு வாரம் பாடம் படித்து, தகுதித் தேர்வில் தேறினால்தான் உள்ளேயே விடுவார்கள்! அப்புறமும் வாரா வாரம் பயிற்சி, அதற்கொரு கெடு. பாடம் கம்ப்யூட்டரில், பரீட்சைக்கு மட்டும் மையத்துக்கு நேரில் போயே ஆகணும்.

நம்ம வேலப்பன்சாவடியில் ஒரு பொண்ணு இதில் சேர்கிறாள் என்று வையுங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரம் மிச்சம். சந்தோஷம்! அந்த நேரம் எங்கே போகுது? "சும்மாதானே உட்கார்ந்திருக்கே, ரெண்டு வெங்காயம் நறுக்கிக் கொடேன்!" (சிரிப்பு)

கல்லூரிக்குப் போன பிள்ளையை நடு வகுப்பில் வெங்காயம் நறுக்கக் கூப்பிடுவோமா? அங்கே மணியடிக்க ஆள் உண்டு. இங்கே மணியடிப்பதும் அவள்தான், வகுப்புக்கு ஓடுவதும் அவள்தான்.

பிள்ளைகளே, வசதியை எதிர்பாருங்கள்; சலுகையை எதிர்பார்க்காதீர்கள். பெற்றோர்களே, தினமும் ரெண்டு மணி நேரம் அந்தக் கதவைத் தட்டாதீர்கள். அதுதான் நீங்கள் கட்டுகிற முதல் ஃபீஸ்! (கைதட்டல்)