பேக்கேஜ் சண்டையும் சமரசமும்
(முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



மதியச் சாப்பாடு முடிந்த கையோடு லினக்ஸ் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார் செயலாளர். யாருக்காவது தூக்கம் வந்தால் பழி பாயசத்தின் மேல்.

அலுவலகத்தில் லினக்ஸ் வைத்திருக்கும் பலர், புதிய பதிப்புக்கு மாறப் பயந்து பழசையே ஓட்டுகிறார்கள். "ஓடுறதை ஏன் சார் நோண்டணும்?" என்கிறார்கள். டெபியன் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30-உடன் நின்றுவிட்டன. அந்த மெஷின் இன்னும் இணையத்தில் இருந்தால், கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போன கதைதான். மாறித்தான் ஆகவேண்டும். மாறும்போது வருவதுதான் பேக்கேஜ் சண்டை.

ஒரு சண்டையைப் பார்ப்போம். 2023-இல் வந்த டெபியன் 12-இல் பைத்தான் 3.11. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் பைத்தான் 3.13. வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஏதோ ஒரு பேக்கேஜ், "3.12-க்குக் கீழேதான் வேண்டும்" என்று நிற்கும். 3.11-க்கென்றே கம்பைல் செய்த பகுதி அதற்குள் இருப்பதால் அதன் பிடிவாதமும் நியாயம்தான். புதிதாக வருகிறவையோ 3.13 கேட்கும். பைத்தான்3 என்ற பேக்கேஜ் ஒரு நேரத்தில் ஒரு பதிப்பில்தான் இருக்க முடியும். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காது. ஆப்ட் திரை நிறையப் புலம்பும்.

அந்தப் புலம்பலில் வரும் பெயர்களில் பெரும்பாலானவை அடிபட்டவை, அடித்தது வேறு. "இதற்குக் கீழ்" என்று வரம்பு கட்டும் வரியைத் தேடுங்கள். அந்தப் பேக்கேஜின் பெயரை 'ஆப்ட்-கேச் பாலிசி' கட்டளையில் கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று காட்டும். டெபியன் களஞ்சியம் அதில் இல்லையென்றால் ஆள் கிடைத்துவிட்டான். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' என்றும் கேட்டுப் பாருங்கள். யாரோ ஒருவர் என்றோ "இதைத் தொடாதே" என்று கட்டிவைத்தது தெரியும். அந்த யாரோ வேலையை விட்டுப் போய் மூணு வருஷம் ஆகியிருக்கும்!

ஆளைப் பிடித்தபின், அதன் அமைப்பு ஃபைல்களையும் தரவையும் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, அதை நீக்கி, பதிப்பை மாற்றி, டெபியன் 13-க்கு உரிய வடிவத்தைப் போடுங்கள். அப்படி ஒரு வடிவம் உண்டா என்பதை விற்றவரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இல்லை என்றால் அன்றைக்கு மேம்படுத்தல் கிடையாது.

சிலருக்கு 'ஃபோர்ஸ்' என்ற சொல்லைக் கண்டாலே கை துறுதுறுக்கும். "இந்த ஃபைல் இன்னொரு பேக்கேஜுக்குச் சொந்தம்" என்று டிபிகேஜி மறுக்கும். ஃபோர்ஸ்-ஓவர்ரைட் கொடுத்தால் வாயை மூடிக்கொள்ளும். பின்னால் ஒன்றை நீக்கும்போது மற்றதற்கு வேண்டிய ஃபைலும் சேர்ந்து போகும்.

2021-இல் ஒரு பிரபல யூடியூபர், பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் நிறுவப் போனார். டெஸ்க்டாப்பையே நீக்கப்போவதாக ஆப்ட் பட்டியல் போட்டு எச்சரித்தது. "ஆம், சொன்னதைச் செய்" என்ற வாக்கியத்தை அவர் தட்டினார். அதுவும் செய்தது! பிறகு வந்த ஆப்டில் அப்படித் தட்டிக் கடக்கும் வழியையே எடுத்துவிட்டார்கள். ஆனால் உங்கள் டேட்டாபேஸ் பேக்கேஜுக்கு அந்தக் காவல் கிடையாது. ஒற்றை 'ஒய்' போதும். அதனால் 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' கட்டளையை முதலில் மைனஸ் எஸ் சேர்த்து, பாவனையாக மட்டும் ஓட்டி, நீக்கப்படுபவற்றின் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படியுங்கள்.

மீதிக் கேள்விகளைக் காபி நேரத்தில் கேளுங்கள்.