முற்றம் கூட்ட எந்தத் துடைப்பம்?

(மஹல்லா துப்புரவுக் குழுக் கூட்டத்தில் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, சகோதரர்களே! துடைப்பத்தைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தீர்கள். கேட்டதில் தவறில்லை. போன வருடம் வரை நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அப்படி நினைத்ததால்தான் ஆறு துடைப்பங்களை வாங்கி, நீங்கள் நம்பித் தந்த பணத்தை வீணாக்கினோம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பள்ளியின் வெளிமுற்றம், மதரஸாவுக்குப் போகும் சந்து, பெருநாள் திடலின் முன்பக்கத்து சிமெண்ட் தளம் ஆகிய மூன்றையும் பல வருடங்களாக ஒரே லாத்தாதான் கூட்டி வருகிறார். கையில் ஈர்க்குமாறு. குனிந்த முதுகு சந்து முடியும்வரை நிமிராது. சென்ற ஆண்டு இடுப்பு வலி வந்து, பாதி வேலையில் திண்ணையில் உட்கார ஆரம்பித்தார். அப்போதுதான் நமக்குக் கண் திறந்தது. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மஸ்ஜிதைக் கூட்டி வந்த பெண்மணியைப் பற்றி ஜும்ஆ பயானில் எத்தனையோ முறை கேட்டு நெகிழ்ந்திருக்கிறோம். நம் முற்றத்தைக் கூட்டுகிறவர் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

நின்றுகொண்டே தள்ளுகிற துடைப்பம் வாங்கலாம் என்று முடிவாயிற்று. நீளமான கம்பு, அதன் நுனியில் குறுக்காக ஒரு கட்டை, கட்டை முழுக்க நார். இதைத் தள்ளு துடைப்பம் என்றும் ரோடு பிரஷ் என்றும் கடைகளில் சொல்கிறார்கள். கடைக்குப் போன நாங்கள் பார்க்க அழகாக இருந்ததை எடுத்தோம். மூன்றடி அகலம், பூப்போன்ற மெல்லிய நார், பளபளக்கும் அலுமினியக் குழாய், விலையும் குறைவு. ஒன்று போதாதென்று ஆறு.

உள்ளே டைல்ஸ் தரையில் அது நன்றாகவே ஓடியது. வெளியே வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது. தளக்கல் இடுக்கில் இருந்த மண் அப்படியே கிடந்தது. சொரசொரப்பான சிமெண்டில் நார் மாட்டி மாட்டி, பத்து நாளில் பஞ்சு மாதிரி விரிந்துபோனது. இரண்டாவது வாரத்தில் இரண்டு துடைப்பங்களில் குழாய் திருகும் பிளாஸ்டிக் வாய் பிளந்தது. லாத்தா ஒன்றும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் பழைய ஈர்க்குமாறுக்கே திரும்பிவிட்டார். நாங்கள் போய்க் கேட்டதற்கு, "ஆசையா வாங்கித் தந்தீங்க தம்பி, எப்படிச் சொல்றது? அது மண்ணைத் தடவிக் கொடுக்குது, கூட்ட மாட்டேங்குது" என்றார்.

அவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் ஆறு துடைப்பத்தின் காசு மிஞ்சியிருக்கும். அதற்குப் பிறகு கடைக்காரர்களிடமும் துப்புரவு வேலை செய்கிறவர்களிடமும் விசாரித்து, நாங்களும் தள்ளிப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்கிறோம். வீட்டு வாசலுக்கும், கடை முன்புறத்துக்கும், மாடித் தளத்துக்கும் இது பொருந்தும்.

எல்லாம் நாரில்தான் இருக்கிறது. சொரசொரப்பான தரைக்கு விறைப்பான, தடித்த நார் வேண்டும். கடையில் நாரின் நுனியை விரலால் பிரித்துப் பாருங்கள். நுனி பிளந்து பூப்போல் இருந்தால் அது வீட்டுக்குள் மெல்லிய தூசிக்கு. நுனி பிளக்காமல் ஒற்றைக் குச்சியாக நின்றால் அது வெளித்தரைக்கு. பிறகு உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். வளைந்து உடனே நிமிர வேண்டும். படுத்தே கிடந்தால் கீழே வைத்துவிடுங்கள். நாரின் நீளம் மூன்று, நான்கு அங்குலம் இருக்கட்டும். ரொம்பக் குட்டையாக இருந்தால் இடுக்கில் இறங்காது, ரொம்ப நீளமாக இருந்தால் விறைப்பு போய்விடும். ஒரு கொத்தைப் பிடித்து லேசாக இழுத்தும் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. கையோடு வந்துவிடுகிற நார் தரையில் எத்தனை நாள் நிற்கும்?

பிளாஸ்டிக் நாரா, பனந்தும்பா என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் இடம் உண்டு. பிளாஸ்டிக் நார் தண்ணீரைக் குடிக்காது. மழைக்காலத்தில் ஈர இலையைத் தள்ள, கழுவிவிட்ட தளத்தில் தண்ணீரை ஓட்ட அதுதான் வசதி. ஆனால் வெயில் அதற்கு எதிரி. நாள் முழுக்க வெயிலில் கிடந்தால் சில மாதங்களில் மொறுமொறுவென்று முறிய ஆரம்பிக்கும். கொதிக்கிற தார் ரோட்டில் தளர்ந்தும் போகும். பனந்தும்பு பனை மட்டையின் அடிப்பகுதியிலிருந்து எடுப்பது. நம் தூத்துக்குடியிலிருந்து வெளிநாட்டுத் துடைப்பத் தொழிற்சாலைகளுக்குக் கப்பலேறிப் போன சரக்கு அது. நாமோ அதைக் கண்டுகொள்ளாமல் கலர் பிளாஸ்டிக்கைத் தேடிப் போனோம்! சூட்டுக்கு அது அசையாது, மண்ணையும் சரளையையும் நன்றாக இழுக்கும். ஈரத்தோடு மூலையில் சாத்தினால் மட்டும் மக்கிவிடும்.

இரும்புக் கம்பி நார் வைத்ததையும் காட்டுவார்கள். காய்ந்து ஒட்டிய சிமெண்டைச் சுரண்டுவதற்கு அது சரி. நம் முற்றத்துக்கு வேண்டவே வேண்டாம். தளக்கற்களுக்கு இடையே நிரப்பிய மணல்தான் கல்லை அசையாமல் பிடித்திருக்கிறது. கம்பி அந்த மணலைத் தோண்டி எடுத்துவிடும், பிறகு கல் ஆடும். தவிர, உதிர்கிற கம்பித் துண்டு வெறுங்காலோடு நடக்கிற பிள்ளைகளின் காலில் ஏறும்.

அகலத்தில்தான் நாங்கள் அதிகம் ஏமாந்தோம். அகலமாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போட்டோம். வழுவழுப்பான மண்டபத் தரையில் அது உண்மை. சொரசொரப்பான தரையில் ஒவ்வொரு அங்குலமும் தரையைப் பிடித்து இழுக்கும், அந்தப் பாரம் தள்ளுகிறவரின் தோளில்தான் விழும். திடலுக்கு 24 அங்குலம் போதும். சந்துக்கும் வீட்டு வாசலுக்கும் 18 அங்குலம். அறுபதை நெருங்குகிறவர் தள்ளப்போகிறார் என்றால் திடலுக்கும் 18 தான் என்பது எங்கள் எண்ணம். இன்னும் பத்து நிமிடம் கூட ஆகட்டுமே.

கம்பு ஐந்தடி. நிமிர்த்தி வைத்தால் அதன் நுனி தள்ளுகிறவரின் தோளுக்கும் மோவாய்க்கும் நடுவே வர வேண்டும். அதற்குக் குறைந்தால் மறுபடியும் குனிவுதான், வாங்கியதற்கே அர்த்தமில்லை. கம்பு கட்டையில் சேரும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள், உடைவது அங்கேதான். பிளாஸ்டிக் மரை சீக்கிரம் தேய்ந்துவிடும். மரக்கம்பைத் துளையில் செருகியது கோடையில் மரம் சுருங்கிக் கழன்றுகொள்ளும். போல்ட் போட்டு முடுக்கி, இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கி கொடுத்தது நிற்கும். கட்டையில் கம்புக்கு இரண்டு துளை இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் நார் தேய்ந்ததும் கம்பை மறு துளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தள்ளும் விதத்தையும் சொல்ல வேண்டும். சிலர் உடம்புப் பாரத்தையெல்லாம் அதன் மேல் போடுகிறார்கள். நார் படுத்துவிட்டால் கூட்டுவது நுனி அல்ல, பக்கவாட்டு. லேசாக அழுத்தி, ஓரிரு அடி தள்ளி, ஒரு தட்டு தட்டி, மறுபடி தள்ள வேண்டும். காற்று போகும் திசையில் தள்ளுங்கள். புழுதி அதிகமென்றால் முன்னதாகக் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். பக்கத்து வீட்டில் இளைப்பு நோயாளி இருந்தால் இதை மறக்கவே கூடாது. வேலை முடிந்ததும் நார் தரையில் படும்படி நிறுத்தி வைக்காதீர்கள். ஆணியில் மாட்டுங்கள், அல்லது தலைகீழாகச் சாத்துங்கள்.

ஈர்க்குமாறைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மையவாடியின் மண் பாதையில் தள்ளு துடைப்பம் ஏர் உழுவது போல மண்ணைக் குவிக்கும். அங்கேயும் வேப்பமரத்து வேர் இடுக்கிலும் ஈர்க்குமாறுதான் சரி.

இந்த முறை ஆறு வாங்கவில்லை, இரண்டே இரண்டு மாதிரி வாங்கியிருக்கிறோம். ஒன்று பனந்தும்பு, ஒன்று விறைப்பான பிளாஸ்டிக். இரண்டும் 18 அங்குலம். முதல் வாரம் லாத்தாவிடம் இருக்கும். அதன்பின் அலுவலகத்தில் பெயர் எழுதிவிட்டு, நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு நாள் எடுத்துப் போய் உங்கள் வாசலில் தள்ளிப் பாருங்கள். எது தேவலை என்று லாத்தா சொல்கிறாரோ, அதையே பெருநாளுக்கு முன் திடலுக்கும் வாங்குவதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். பழைய ஆறில் உடையாத நான்கும் மண்டபத்துக்குள் ஓடுகின்றன. கல்யாணத்துக்கு மண்டபம் எடுப்பவர்கள் அவற்றை வெளியே கொண்டுபோகாமல் இருந்தால் சரி.