இளங்குதிரையின் கல்லீரலும் பொதுநலனும்

(மும்பை கிங்ஸ் சர்க்கிளில் தமிழன்பர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குதிரையின் கல்லீரல் நோயைப் பற்றிப் பொருளாதாரம் பயின்ற ஒருவர் பேசுவானேன் என்று தாங்கள் வியக்கலாம். இவ்விடத்திற்கு அருகிலுள்ள பரேலில், 1899 முதல் பழைய அரசு மாளிகையில் இயங்கி வரும் ஆய்வுக்கூடத்தைத் தாங்கள் அறிவீர்கள். 1925-இல் அது ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் பெற்றது. பாம்பு விஷமுறிவு மருந்துத் தயாரிப்பில் அதன் பெயர் நாடறிந்தது. அம்மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து பெறப்படுகிறது. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தனர் என ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. ஆகவே குதிரையின் நலம் உழவரின் உயிரோடு தொடர்புடையதாகும்.

மனிதரின் ஹெப்பாடிடிஸ் சி வைரஸ் 1989-இல் கண்டறியப்பட்டது. அதற்கு மிக நெருங்கிய உறவுடைய வைரஸ் ஒன்று குதிரைகளிடம் இருப்பது 2012-இல் வெளிப்பட்டது. பல ஆய்வுகளில் இளங்குதிரைகளிடமே இது மிகுதியாகக் காணப்பட்டது. தாயிடமிருந்து குட்டிக்குச் சென்றதும் உண்டு. பெரும்பாலான குதிரைகள் சில மாதங்களில் இதனை வென்று விடுகின்றன. சிலவற்றிலோ ஆறு மாதங்களுக்கு மேலும் நிலைத்து நிற்கிறது. அப்போதும் குதிரை வெளித்தோற்றத்தில் நலமாகவே இருக்கும்; இரத்தப் பரிசோதனையே உண்மையைக் காட்டும். இது மனிதருக்குத் தொற்றியதாகச் சான்று இல்லை. எனவே விஷமுறிவு மருந்தைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டுவதில்லை.

ஆயினும் குதிரைக்குக் குதிரை இரத்தம், சீரம் வழியாக நோய் செல்லக்கூடும் என்பது பழைய பாடம். 1918-இல் தென்னாப்பிரிக்காவில் டைலர் என்னும் அறிஞர், குதிரைச் சீரம் ஏற்றப்பட்ட குதிரைகளில் சில கடுமையான கல்லீரல் அழற்சியால் மடிந்ததை எடுத்துரைத்தார். நூறாண்டுகளுக்குப் பின், 2018-இல், அத்தகைய நோயுடன் தொடர்புடைய பார்வோவைரஸ் ஒன்று அறியப்பட்டது. அதுவும் சில குதிரைகளின் உடலில் நெடுநாள் தங்கக்கூடியது.

இதிலிருந்து நாம் பெற வேண்டிய முடிவு எளியது. மருந்துக்காகக் குதிரைகளை வளர்க்கும் பண்ணைகளில், புதிதாக வரும் ஒவ்வொரு குதிரையையும் பரிசோதித்த பின்னரே மற்றவற்றுடன் சேர்த்தல் வேண்டும். ஒரு குதிரைக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது. கல்லீரல் பரிசோதனை குறிப்பிட்ட காலங்களில் நடைபெற வேண்டும். இச்செலவை மருந்தின் உற்பத்திச் செலவிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். விலையைக் குறைப்பதற்காக இதனை வெட்டுவது சிக்கனமன்று.

2012-இல் சுமார் 6.25 இலட்சமாக இருந்த நம் நாட்டுக் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 3.4 இலட்சமாகக் குறைந்துவிட்டன. பாம்புக்கடி இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டம் 2024-இல் வெளியிடப்பட்டது. அவ்விலக்கை எட்ட மருத்துவமனையில் மருந்து இருந்தால் மட்டும் போதாது. அதை அளிக்கும் வாயில்லா உயிரின் நலமும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். பிறர் உயிர் காக்க இரத்தம் தரும் குதிரைக்கு நாம் செலுத்தவேண்டிய கடமையும் அதுவே.