அன்னையும் ஆயாவும்
(ஆண்டு விழா மகளிர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)

2001 பிப்ரவரி 28-இல் நம் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின், பொழுது புலருமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று, விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புவதே பல குடும்பங்களின் வாழ்வாயிற்று. உறங்கும் குழந்தையை ஆயாவிடம் ஒப்படைத்துச் செல்கிறாள் தாய். திரும்பியதும், "கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் புரண்டு அழுகிறான், அம்மா" என்ற முறையீடு. உடனே ஆயாவைக் கடிந்து கொள்கிறோம்.

சற்றே சிந்தியுங்கள். குழந்தை அழுதால் பழி தம்மேல் வருமே என்றஞ்சி, ஆயா இன்று மிட்டாயை நீட்டுகிறார், நாளை மறுக்கிறார், மறுநாள் மீண்டும் நீட்டுகிறார். பகலெல்லாம் பிரிந்திருந்த ஏக்கத்தால் நாமும் இரவில் அதனையே செய்கிறோம். எப்போதும் கிடைக்கும் பரிசைவிட, எப்போதோ கிடைக்கும் பரிசால் வளர்ந்த பழக்கமே எளிதில் மறையாது என்பது அமெரிக்க உளநூலறிஞர் ஸ்கின்னர் முதலியோர் ஆய்ந்து கண்ட உண்மை.

ஆகவே, ஓய்வு நாளில் ஆயாவுடன் கால்மணி நேரம் அமருங்கள். குழந்தை முரண்டு பிடிப்பது பசியிலா, உறக்கம் வரும் வேளையிலா என்று கேளுங்கள். அதனை அறிந்தவர் அவரே. இருவரும் கூடி இரண்டே விதிகள் வகுத்துக் கொள்ளுங்கள்: அழுகைக்காக எதுவும் தருவதில்லை, அடிப்பதும், பூச்சாண்டி காட்டி அச்சுறுத்துவதும் இல்லை. அழும்போது அருகில் அமைதியாய் இருந்து, அடங்கியதும் அணைத்துக் கொள்ளட்டும். முதற்சில நாட்களில் அழுகை மிகக்கூடும். "அது உங்கள் குற்றமன்று" என்று முன்னரே சொல்லிவிடுங்கள். குழந்தையின் முன்னிலையில் ஆயாவைக் கடியாதீர்கள். தாய் மதியாதவர் சொல்லைச் சேய் மதிக்குமா? தம் பிள்ளையைப் பிறரிடம் விட்டு நம் பிள்ளையைக் காக்க வரும் ஆயாவும் ஒரு தாயல்லவா?

மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், கூண்டை ஏற்றி இறக்கியது மணியோசைக் குறிப்பு. மேலிருந்தவர் ஒரு பொருளும் கீழிருந்தவர் வேறொரு பொருளும் கொண்டிருந்தால், கூண்டில் நின்றவர் நிலை என்னவாகியிருக்கும்? அன்னைக்கும் ஆயாவுக்கும் இடையே நிற்கும் குழந்தையின் நிலையும் அதுவே. இருவர் சொல்லும் ஒன்றாகட்டும். குழந்தை நலமுற வளரட்டும்.